கேட்காமல் நகர்த்திய சொல்

எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. கதவைச் சரியாக மூடிவிட்டுப் போகும்படி குடியிருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'ரிக்வெஸ்டட் டு கைண்ட்லி க்ளோஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். ராஜா அண்ணாமலைபுரத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தக் 'கைண்ட்லி' என் எதிரி. மயிலாப்பூரில் என் வங்கிக் கிளையில், வரிசையில் நிற்கச் சொல்லும் பலகையில் அது இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றறிக்கையில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்திருக்கிறேன். ஊரில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் அந்த மரியாதையைக் கொண்டுபோய் 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில்தான் உட்கார வைப்பார்கள்.

இதற்கு 'ஸ்ப்ளிட் இன்ஃபினிட்டிவ்' என்று பெயர். 'டு க்ளோஸ்' என்பது சேர்ந்தே இருக்கவேண்டிய ஜோடி, இடையில் ஒரு சொல்லை நுழைத்தால் ஜோடி பிரிந்துவிடுகிறது என்பது பழைய இலக்கணக்காரர்களின் வருத்தம். தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. 'மூட' என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். கத்தியை வைத்து அறுத்தாலும் நடுவில் இடம் கிடைக்காது. அந்தப் பழக்கமோ என்னவோ, ஆங்கிலத்தில் அந்த இடைவெளியில் எதையாவது பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

கை பரபரப்பதுதான் என் பிழைப்பும். வெளிநாட்டு மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்பும் அலுவலகம் ஒன்றில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். தி. நகரில், ஒரு புடவைக் கடைக்குப் பின்னாலிருக்கும் கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஆடித் தள்ளுபடி ஒலிபெருக்கி ஒருபுறம் அலற, மறுபுறம் நாங்கள் யாரோ ஒரு பேராசிரியரின் கல்லீரல் ஆராய்ச்சிக்குக் கமா போட்டுக்கொண்டிருப்போம். தங்கள் ஆங்கிலம் சென்னையில்தான் குளித்துத் தலைவாரிக்கொண்டு வருகிறது என்று அதை எழுதியவர்களில் பலருக்குத் தெரியாது.

இந்த அலுவலகத்தில் எனக்கு ஒரு தோழி. நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே மேசையில் பழகினோம். அவள் பாலவாக்கத்துக்காரி. கடலுக்குப் போகும் குடும்பம். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். அவள் ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட இலகுவானது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒப்புக்கொண்டதில்லை. மத்தியானச் சாப்பாட்டில் என் தயிர்சாதத்துக்கும் அவள் நெத்திலிக் குழம்புக்கும் நடுவில் ஒரு செய்தித்தாள் விரித்திருக்கும். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த தூரம்.

போன வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஒருவர் திருத்திய கோப்பை இன்னொருவர் படித்துப் பிழை குறிக்கும் வேலை. க்யூ.சி. என்போம். நான் குறித்துத் திருப்பி அனுப்பினால், திருத்தியவரே மறுபடி சரிசெய்து வெளியே அனுப்பவேண்டும். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை. பிறத்தியார் தப்பைப் பார்ப்பதற்குச் சம்பளமும் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்!

"குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சொல்லுவாங்க. ஒனக்கு அதுக்கு இன்க்ரிமென்ட்டே குடுத்துட்டாங்க" என்றாள் தோழி.

'டு' விஷயத்தில் அவளுக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. எங்கள் வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு நடைவிதித் தாள் அனுப்புவார்கள். எதைத் திருத்தவேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலான தாள்களில், ஆசிரியர் அப்படிப் பிரித்து எழுதியிருந்தால் தவறில்லை, விட்டுவிடலாம் என்றே இருந்தது. பிரிக்கக்கூடாது என்பது ஒரு காலத்திலும் உண்மையான விதி இல்லை, பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்று விளக்கமும் இருந்தது. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு, நாடே சோம்பேறியாகிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். "டு-வும் வெர்பும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. நடுவுல மூணாவது ஆள் படுக்கலாமா?"

அவள் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுக் கேட்டாள். "கைக்கொழந்த பின்ன எங்கடீ படுக்கும்?"

பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் அன்று பிற்பகல் அவள் கோப்பில் இரண்டு இடங்களில் அந்தக் குழந்தையை எடுத்து வெளியே போடச் சொல்லிக் குறித்தேன்.

இதெல்லாம் விளையாட்டாகவே போய்க்கொண்டிருந்தது. அவளுடைய அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்த பிறகு விளையாட்டு குறைந்தது. அவர் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். மத்தியானம் தூங்கி எழுந்தால் கிளம்பிவிடுவார். கடற்கரைக்குப் போனால்கூடப் பரவாயில்லை, தெரிந்தவர்கள் யாராவது கூட்டிவந்து விடுவார்கள். அவர் திசை தப்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய் நிற்பார். அங்கே வண்டிகள் வரும் வேகத்துக்கு நல்ல நினைவுள்ளவர்களே சாலையைத் தாண்ட யோசிப்பார்கள்.

தோழிக்குக் கணவர் இல்லை. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். பக்கத்து வீட்டில் ஓர் அக்கா காலையிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அவருக்குச் சாயங்காலச் சந்தையில் மீன் வியாபாரம். மூன்று மணிக்குக் கூடையைத் தூக்கியாகவேண்டும். தோழி வீடு போய்ச் சேர ஏழு மணி ஆகும். நடுவில் நாலு மணி நேரம். வேறு வழி தெரியாமல், மூன்று மணிக்கு அக்கா வெளியே, சாவியில்லாமலே அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டைப் போட்டுவிட்டுப் போவார்.

"எங்கப்பாவ நாய்க்குட்டி மாதிரி உள்ள போட்டுப் பூட்டிட்டு, இங்க வந்து கமா வச்சிக்கினு இருக்கேன்" என்றாள் ஒருநாள். கண் கலங்கவில்லை. தட்டைக் கழுவப் போய்விட்டாள். நான் மீதித் தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டேன்.

கொரோனா சமயத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம். பிறகு அலுவலகம் ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்துக்கொண்டது. இப்போது வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். தொடர்ந்து மூன்று மாதம் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகாரும் வரக்கூடாது. அப்படி இருந்தால் மேலாளர் பரிந்துரை செய்வார். தோழி விண்ணப்பித்தாள். முதல் மாதம் சுத்தம். இரண்டாவது மாதமும் சுத்தம். மூன்றாவது மாதம் தொடங்கியபோது, அவளைவிட நான்தான் நாட்காட்டியை அதிகம் பார்த்தேன்.

அந்த மூன்று மாதமும் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஏற்பாடு என்று பேசி வைத்துக்கொண்டது இல்லை, தானாக வந்தது. ஐந்தரைக்குப் பேருந்தைப் பிடித்தால் அவள் ஏழுக்குள் வீட்டில் இருப்பாள். அதை விட்டால் எட்டு. ஆனால் நான் குறித்துத் திருப்பி அனுப்பும் கோப்பை அவள்தான் சரிசெய்து அன்றைக்கே அனுப்பவேண்டும். அதனால் ஐந்தேகாலுக்கு நான் அவள் மேசைக்குப் போய், "நீ கிளம்பு, நான் பார்த்துக்கறேன்" என்பேன். அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும். அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவள் பெயரிலேயே நான் குறித்த பிழைகளை நானே திருத்தி அனுப்பிவிடுவேன். க்யூ.சி. ஆள் கோப்பில் கை வைக்கக்கூடாது. ஒருவர் கடவுச்சொல்லை இன்னொருவர் தொடுவது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தோழிக்காகச் செய்கிறோம் என்கிற நினைப்பு இருக்கிறதே, அதற்கு முன்னால் எந்த விதி நிற்கும்?

அப்படி, முதல் மாதத்தில் ஒரு சாயங்காலம், ஓர் இதழ் ஏற்கெனவே வெளியிட ஏற்றுக்கொண்டிருந்த ஒரு மருத்துவரின் கட்டுரை. ஏதோ கட்டிக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார். மருந்து கட்டியை 'ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி ரிமூவ்' என்று எழுதியிருந்தார். தோழி அதைத் தொடாமல் விட்டிருந்தாள். நான் பார்த்தேன். 'டு'வுக்கும் 'ரிமூவு'க்கும் நடுவில் சட்டமாக உட்கார்ந்திருந்தது அந்தக் 'கம்ப்ளீட்லி'. சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் கேள்வியாக எழுதி அனுப்பவேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். எனக்கா சந்தேகம்! அதைத் தூக்கி முன்னால் வைத்தேன். 'கம்ப்ளீட்லி ஃபெயில்ட் டு ரிமூவ்.' அனுப்பிவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன்.

தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். மருந்து கட்டியை முழுசாகக் கரைக்கவில்லை என்றார் மருத்துவர். அதாவது பெரும்பகுதி கரைந்தது, கொஞ்சம் மிச்சம். மருந்து கட்டியைக் கரைக்கவே இல்லை என்று நான் ஆக்கிவிட்டேன். பாவம், மெய்ப்புப் பார்த்தபோது அவர் கண்ணிலும் படவில்லை. கட்டுரை வெளியான பிறகு வேறு யாரோ படித்துவிட்டு, உங்கள் மருந்து வேலையே செய்யவில்லையாமே என்று கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் பார்த்திருக்கிறார்.

புகார் வந்தது. மூன்றாவது மாதம் முடிய எட்டு நாள் இருந்தது.

மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். எங்களைவிடப் பத்து வயது சிறியவர், குரலை உயர்த்தாதவர். திரையில் அந்த வரியைக் காட்டினார். திருத்தத்தின் ஓரத்தில் தோழியின் பெயர் இருந்தது. தோழி அந்த வரியைப் பார்த்தாள். அவள் அதைத் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் அதைத் தொடக்கூடிய ஒரே ஆள் யார் என்பதும் தெரியும்.

"இது நீங்க பண்ணதா மேடம்?" என்று அவளைக் கேட்டார் மேலாளர்.

"ஆமா சார்" என்றாள். "அவசரத்துல மாத்திட்டேன். என் தப்புதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. இருபது வருஷமாக ஊர் தப்பையெல்லாம் சிவப்பில் குறித்தவள், என் தப்பு என் கண்ணெதிரே இன்னொருத்தி பெயரில் நிற்கும்போது மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம், வேறொன்றும் இல்லை. கடவுச்சொல் விஷயம் வெளியே வந்தால் என் பதவி போய்விடும் என்ற பயம்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "அப்புறம் பேசலாம். இப்ப ஒண்ணும் பேசாத" என்று சொல்லி வேலையைப் பார்க்கப் போனாள். நான் அதை அவளுடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். 'ஒண்ணும் பேசாத' என்பதில் ஒரு கோரிக்கை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று நாள் தூக்கமில்லை. மூன்று மணி ஆனால் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். இந்நேரம் அக்கா பூட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். என்னால் ஒரு மனிதர் இன்னும் எத்தனை மாதம் உள்ளே இருக்கப்போகிறார் என்று மனசு கணக்குப் போடும். நாலாவது நாள் காலை, பூஜையறையில் விளக்கேற்றிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். நடந்தது அத்தனையும் எழுதினேன். யாருடைய நாற்காலியில் யார் உட்கார்ந்தது, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை கோப்பு, எல்லாம். நல்ல ஆங்கிலம். மூன்று முறை படித்துச் செதுக்கினேன். முறை என்று ஒன்று உண்டே! மேலாளருக்கு அனுப்பி, மனிதவளப் பிரிவுக்கும் தகவல் பாதுகாப்புப் பிரிவுக்கும் நகல் போட்டேன். அந்தக் கடிதத்தில் ஒரு கமாகூட இடம் தப்பவில்லை. அனுப்பியதும் உடம்பு லேசாகி, நாலு நாளைக்குப் பிறகு வயிறு பசித்தது.

பதினோரு மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். நான் நிமிர்ந்துதான் போனேன். உண்மையைச் சொன்னவள் அல்லவா!

அவர் மடிக்கணினியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏன் மேடம் இதை எழுதினீங்க?"

"தப்பு என்னோடது சார். அவ மேல பழி வரக்கூடாது."

"பழி எதுவும் வரலையே மேடம்" என்றார். "அன்னிக்கு சாயங்காலமே அவங்க என்கிட்ட தனியா வந்து பேசினாங்க. அப்பா விஷயத்தைச் சொன்னாங்க. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாங்க. இருபது வருஷத்துல ஒரு தப்பு, யானைக்கும் அடி சறுக்கும், இதைப் புகாரா எண்ண வேணாம்னு நான் மேல பேசி வாங்கிட்டேன். நேத்து கையெழுத்தும் ஆயிடுச்சு. திங்கள்கிழமையிலேருந்து அவங்க வீட்டுல இருந்து வேலை பார்க்கலாம்னு இருந்தது."

இருந்தது என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. மனசில் ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீங்க என்கிட்ட வாயால சொல்லியிருந்தா, நான் கேக்கவே இல்லைன்னு விட்டிருப்பேன். பாதுகாப்புப் பிரிவுக்கு நகல் போட்டிருக்கீங்க. கடவுச்சொல்லைப் பகிர்ந்த ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு வீட்டிலிருந்து வேலை கிடையாது. விதி. என் கையில இனிமே ஒண்ணும் இல்ல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது பிள்ளையாரே இல்லை, என் மன நிம்மதியைத்தான் பிடித்து வைத்துக் கும்பிட்டேன் என்று அந்த அறையில்தான் புரிந்தது. எனக்குப் பதவி போயிற்று. பழையபடி திருத்தும் வேலைக்கு, இரண்டு ஷிஃப்ட்டில் ஏதாவது ஒன்றில் வரச் சொன்னார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. தோழியை மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் என் பக்கம் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை நான் மட்டும் விரித்தேன்.

ஐந்தேகாலுக்கு அவள் பின்னாலேயே இறங்கி ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கடைப் பைகளுமாக நல்ல கூட்டம். அலுவலகத்தில் அவள் எல்லோரையும் போலத்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் பாலவாக்கம் முழுசாக வந்துவிடும்.

"இன்னா பண்ணி வச்சிக்கிற நீ?"

"உண்மையைச் சொன்னேன்டீ. நீ என் தப்பைச் சுமக்கறது எனக்குத் தாங்கல."

"ஒனக்குத் தாங்கல. சரி. யாரக் கேட்டு சொன்ன?"

அவள் என்னைக் கூட்டத்திலிருந்து ஓரமாக இழுத்தாள்.

"நான் தெரிஞ்சிதான் ஒத்துக்கினேன். சண்ட போட்டா கடவுச்சொல்லு வெளிய வரும், ரெண்டு பேருக்கும் போவும். தப்புன்னு ஒத்துக்கினா ஒரு திட்டோட போவும்னு கணக்கு போட்டுத்தான் ஒத்துக்கினேன். அப்புறம் பேசலாம்னு சொன்னேனா இல்லியா? நேத்து ராவு அக்காகிட்டேந்து சாவிய வாங்கிட்டேன்டீ. திங்கக்கெழமலேந்து பூட்ட வேணாங்கா, நான் வூட்லயே இருக்கப் போறேன்னு சொல்லி வாங்கிட்டேன்." பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள். "இப்ப இத எந்த மூஞ்சிய வச்சிக்கினு திரும்பக் குடுப்பேன்?"

"மனசு கேக்கல. அதான்..."

"ஒன் மனச மட்டும் கேட்ட. என்னிய ஒரு வார்த்த கேட்டியா? கேக்காமயே திருத்துறது ஒனக்குப் பழக்கமாப் பூட்ச்சி. அந்த டாக்டரையும் கேக்கல, என்னியும் கேக்கல."

பேருந்து வந்தது. கூட்டம் முண்டியது. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுடு" என்றேன்.

அவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஒன் மன்னிப்ப வச்சி நான் இன்னா பண்றது? எனக்கு மூணு மணிக்கு வூட்ல ஒரு ஆளு வேணும்."

பேருந்து போய்விட்டது. நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை எல்லாம் எப்போது தாண்டினேன் என்று தெரியவில்லை. 'டு'வுக்கு நடுவில் ஒரு சொல் இருக்கலாமா கூடாதா என்று இருபது வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். இருக்கலாம். எழுதியவர் யோசித்து அங்கே வைத்திருந்தால் தாராளமாக இருக்கலாம். அது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. என்னால் ஒரு பொருளை அது இருக்கும் இடத்தில் விட்டுவைக்க முடியாது என்பதுதான் பெரிய விஷயம்.

அன்றிரவு, காலை ஷிஃப்ட்டுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஆறிலிருந்து இரண்டு. இரண்டுக்குக் கிளம்பினால் மூன்றுக்குள் பாலவாக்கம் போய்விடலாம். எழுதி முடித்து, அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் மேசைக்குப் போய் நின்றேன். "ஒண்ணு கேக்கணும்" என்றேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலை ஷிஃப்ட்டு கேட்டு எழுதிக் கொடுக்கட்டுமா? தினமும் மூணு மணிக்கு நான் உங்க வீட்டுக்கு வரட்டுமா? நீ வர வரைக்கும் இருக்கேன். வேணாம்னா விட்டுடறேன்."

அவள் அந்தப் பத்தியைக் கடைசி வரி வரைக்கும் திருத்தி முடித்தாள். எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. நடுவில் பேசாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிறகு பையைத் திறந்து சாவியை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"எழுந்ததும் காபி கேப்பாரு" என்றாள். "சக்கர போடாத."

ஷிஃப்ட் மாறி, முதல் நாள் இரண்டு மணிக்கே கிளம்பினேன். அடையாறு பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. ஆட்டோக்காரரை ஓயாமல் விரட்டி, பாலவாக்கத்தில் அந்தத் தெருமுனையில் இறங்கும்போது மூன்று பத்து. அக்கா பூட்டை அமுக்கிவிட்டு வியாபாரத்துக்குப் போயிருந்தார். கதவு பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கோபமாகத் தட்டவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய் யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்ப்போமே, அப்படி. நிறுத்துவார், காத்திருப்பார், மறுபடி மெதுவாக மூன்று தட்டு. யாரும் திறக்காததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை போலிருந்தது.

பத்து நிமிஷத் தாமதம்தான். அவசரத்தில் சாவியைத் தலைகீழாகச் செருகி, எடுத்துத் திருப்பிப் போட்டேன். "இதோ வந்துட்டேன்" என்று உரக்கச் சொன்னேன். உள்ளே தட்டுவது நின்றது.